எங்கட காத்து, ஆற்றை கவலை?

2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவில் காற்று, சூரிய மின்சாரத் திட்டத்தைச் சீன நிறுவனத்துக்குக் கொடுக்க அமைச்சரவை அனுமதித்தது. காசு ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடன். உடனே இந்தியாவுக்குப் பாதுகாப்புக் கவலை. டிசம்பரில், மூன்றாம் தரப்பின் கவலையால் வேலை நிண்டுபோச்சு எண்டு சீனத் தூதரகம் குறைப்பட்டது. 2022 மார்ச்சில் அதே மூண்டு தீவுக்கும் இந்திய நன்கொடை ஒப்பந்தம்.

கடனைவிட நன்கொடை நல்லதுதான், மறுக்கேல்லை. ஆனா குறிகட்டுவானில் படகுக்கு நிக்கிற சனத்தை இதில ஆரும் கேட்டவையோ? டீசல் ஜெனரேட்டரோட இருக்கிறது நாங்கள். கவலை மட்டும் தூதரகங்களுக்கு! 1974இல் கச்சதீவையும் டெல்லியும் கொழும்பும்தானே பேசி முடிச்சவை.

ஒப்பந்தத்தை முழுசாத் தமிழில பிரதேச செயலகத்தில ஒட்டுங்கோ. பழுதானா ஆர் திருத்துறது, மின்சாரம் என்ன விலை எண்டு நாங்களும் வாசிக்கவேணும்.