வேகத்தின் வர்க்கம்

ஓடும் பொருளின் சக்தி வேகத்தைப் பொறுத்ததா, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததா என்று ஐரோப்பியப் பண்டிதர்கள் நெடுங்காலம் விவாதித்திருக்க, ஹாலந்து தேசத்து ஸ்கிராவசாண்டே பித்தளைக் குண்டுகளைக் களிமண்மீது விழச்செய்து, வேகம் இரு மடங்கானால் பள்ளம் நான்கு மடங்காவதைப் பிரத்தியட்சமாகக் கண்டார். அதன் தாத்பரியத்தை உணர்ந்து, நியூட்டனின் கீர்த்திக்கும் அஞ்சாமல், 1740-இல் தம் நூலில் வேகத்தின் வர்க்கமே என்ற லைப்னிட்ஸின் பக்கம் நின்றவர் எமிலி து ஷாட்லே என்னும் பிரெஞ்சு மாதரசி. (இன்றைய சக்திச் சூத்திரத்திலுள்ள ‘பாதி’ பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.) இச்சரித்திரத்தை மறைத்துவிட்டு, நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கு என்று மாணவனை நெட்டுருப் போடவைக்கும் போதனாமுறையை நான் ஒப்பவில்லை. விநாடிக்கு 10 மீட்டர் செல்லும் 1,000 கிலோ மோட்டார் வண்டிக்கு 50,000 ஜூல் சக்தியென்றால், 20 மீட்டர் வேகத்தில் அது 2,00,000 ஜூல். அத்தனையையும் போக்கினாலன்றி வண்டி நிற்காது; சாதாரணப் பிரேக்கு அதில் பெரும்பகுதியை உஷ்ணமாக்குகிறது.