தாடி என்ன செய்தது?

விமானி தாடி வைத்தால் ஆக்ஸிஜன் மாஸ்க் முகத்தில் படியாது, மழித்த முகமே பாதுகாப்பு என்கிறார் விமானிகளின் தோற்றம் பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர். பழைய பல்லவி. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகம் தாடிக்காரர்களைக் காற்றழுத்தம் குறைத்த அறையில் உட்காரவைத்து, மாஸ்க் மாட்டிச் சோதித்தது. பாதிப்பு எதுவும் தெரியவில்லை. 2018இல் ஏர் கனடா தாடிக்கு அனுமதி தந்தது, 12.5 மில்லிமீட்டர் வரை.

விமானியின் தொப்பியும் கோட்டும்கூடப் பாதுகாப்புக்காக வந்தவை அல்ல; பான் அமெரிக்கன் நிறுவனம் 1930களில் கடற்படையைப் பார்த்துத் தைத்தவை. பயணிக்குத் தைரியம் வரட்டும் என்றுதான். நல்ல வியாபாரம், மறுக்கவில்லை. சட்டையை இஸ்திரி போடச் சொல்லுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டாதீர்கள்.

பாதுகாப்புதான் கவலையென்றால், இந்தியாவில் விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக்கும் விதி 2024 ஜூனில் வரவேண்டியது, ஓராண்டு தள்ளிப்போனதே, அப்போது எங்கே போயிருந்தீர்கள்?