எந்தக் கிற்றார்?

பண்டாரவளையில் கல்யாண வீடுகளில் வாசிக்கும் என் மருமகன், உயர்ரக மின் கிற்றார் ஒன்று வாங்க ஆலோசனை கேட்கிறான். பணம், கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அக்காவின் சேமலாப நிதி.

1954இல் வந்த பெண்டர் ஸ்ட்ராற்றோகாஸ்டரின் ஒற்றைச்சுருள் பிக்கப் தெளிவாக ஒலிக்கும், ஆனால் இரையும். அந்த இரைச்சலை அடக்க வந்ததே இரட்டைச்சுருள் ஹம்பக்கர். 1957இல் கிப்சன் லெஸ் போலில் அது ஏறியது, ஒலியும் தடித்தது.

நம்மவர்களோ ஒரே இரவில் பைலாவும் கேட்பார்கள், இளையராஜாவும் கேட்பார்கள், ராக்கும் கேட்பார்கள். எனவே பிரிட்ஜ் அருகே ஹம்பக்கரும், மற்ற இரண்டிடத்தில் ஒற்றைச்சுருளும் உள்ளதே அவனுக்குப் பொருந்தும். இவ்வமைப்பு நடுத்தர விலையிலும் கிடைக்கிறது. மேடையில் நிற்பவனின் கிற்றார்த் தலையிலுள்ள பெயரை (நிருபர்களைத் தவிர) எவர் படிக்கிறார்? மிஞ்சும் பணத்தில் நல்ல அம்ப்ளிபயரும், மலைநாட்டு ஈரத்தில் கழுத்து வளையாதிருக்கக் கெட்டியான பெட்டியும் வாங்கலாம். அதற்குப் பின்னும் மிஞ்சுவது அக்காவினுடையது.