தசை இறுக்கத்துக்கு ஓகே... வலிக்கு 'நோ'! எம்.எஸ். நோயாளிகளுக்கான கஞ்சா ஸ்பிரே: இங்கிலாந்தில் ஏன் இப்படி ஒரு முடிவு?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். இந்த நோயால் வரும் வலிக்கு கஞ்சாவில் இருந்து எடுத்த மருந்து கைகொடுக்கும் என்ற பேச்சு பல ஆண்டுகளாகவே இருக்கிறது. ஆனால், அந்த மருந்து உருவான நாட்டிலேயே அதற்குக் கிடைத்தது பாதி அனுமதிதான். ஏன் என்று தெரிந்துகொண்டால், எம்.எஸ். வலிக்கு எப்படி சிகிச்சை தருகிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

எம்.எஸ். என்றால் என்ன?

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளுக்கு மையலின் என்ற உறை இருக்கிறது. மின்சார வயருக்கு மேலே பிளாஸ்டிக் இருக்கிற மாதிரி. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தியே அந்த உறையைத் தாக்கினால், அதுதான் எம்.எஸ். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தெரியவருகிறது. ஆண்களைவிட பெண்களை அதிகம் பாதிக்கிறது. உலகம் முழுக்க சுமார் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2020-ல் மதிப்பிடப்பட்டது.

நடக்க முடியாமல் போவது, பார்வை மங்குவது எல்லாம் வெளியே தெரியும். வலி தெரியாது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2013-ல் வெளியான ஒரு அலசலில், எம்.எஸ். உள்ளவர்களில் சுமார் 63% பேருக்கு வலி இருப்பது தெரியவந்தது. "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க?" என்ற ஒரே கேள்வியில் அந்த வலி மறைந்துபோகிறது.

ஒரு நோய்... பல வலி

இங்குதான் சிக்கலே. எம்.எஸ். வலி என்பது ஒரே வலி இல்லை.

* நரம்பு வலி: கை, கால்களில் எரிச்சல், ஊசி குத்துவது, ஷாக் அடிப்பது போன்ற உணர்வு. சேதமான நரம்பு தப்பான சிக்னல் அனுப்புவதால் வருவது. பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரிதாக வேலை செய்யாது. அமிட்ரிப்டிலின், டுலாக்செடின், காபாபென்டின், பிரிகாபாலின் போன்றவற்றில் ஒன்றை டாக்டர்கள் தருவார்கள்.

* முகத்தில் மின்னல் வெட்டுவது போன்ற வலி: பல் துலக்கினாலோ, சாப்பிட்டாலோ கூட சுரீர் என்று வரும். பல்வலி என்று நினைத்து பல் டாக்டரிடம் போகிறவர்களும் உண்டு. இதற்கு முதலில் தரும் மருந்து கார்பமாசெபின்.

* தசை இறுக்கத்தால் வரும் வலி: தசை திடீரென்று இறுகிப் பிடித்துக்கொள்வது. பேக்லோஃபென் மருந்தும் பிசியோதெரபியும் இதற்கு உதவும். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று இருந்தாலே இறுக்கம் அதிகமாகும் என்பதால், முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

* மூட்டு, முதுகு வலி: நடை மாறுவதாலும், நெடுநேரம் உட்கார்ந்தே இருப்பதாலும் வருவது. இதற்கு உடற்பயிற்சியும் சாதாரண வலி மாத்திரையுமே பலன் தரலாம்.

அப்போ அந்த ஸ்பிரே?

கஞ்சாச் செடியில் உள்ள டி.எச்.சி., சி.பி.டி. என்ற இரண்டு பொருட்களையும் ஏறக்குறைய சம அளவில் சேர்த்து, வாய்க்குள் அடிக்கும் ஸ்பிரேயாக பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்று உருவாக்கியதுதான் 'சாட்டிவெக்ஸ்'. 2005-ல் கனடா இதை எம்.எஸ். நரம்பு வலிக்கு நிபந்தனையோடு அனுமதித்தது. 2010-ல் பிரிட்டன் அனுமதித்தபோது, வலிக்கு என்று சொல்லவில்லை. தசை இறுக்கத்துக்கு என்று சொன்னது.

2018 நவம்பர் 1 முதல், கஞ்சாவில் இருந்து தயாரான மருந்துகளைச் சிறப்பு மருத்துவர்கள் எழுதித் தர பிரிட்டன் வழிவிட்டது. வலிக்கும் கிடைத்துவிடும் என்று நோயாளிகள் எதிர்பார்த்தார்கள். ஆனால், இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவைக்கு வழிகாட்டும் 'நைஸ்' அமைப்பு 2019 நவம்பரில் சொன்னது வேறு.

மற்ற மருந்துகள் பலன் தராத, மிதமானது முதல் கடுமையானது வரையிலான தசை இறுக்கத்துக்கு 4 வாரம் இந்த ஸ்பிரேயைக் கொடுத்துப் பார்க்கலாம். குறைந்தது 20% முன்னேற்றம் இருந்தால் தொடரலாம். நாள்பட்ட வலிக்குத் தர வேண்டாம்!

காரணம் என்ன? வலியைக் கொஞ்சம் குறைப்பதற்கு ஆதாரம் இருந்தது. ஆனால், 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் அந்தக் குறைவு சராசரியாக அரைப் புள்ளிகூட இல்லை. தொடர்ந்து ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அந்தப் பலன் போதாது என்பது நைஸின் கணக்கு.

ஆனால், சராசரி என்பது எல்லோரையும் சேர்த்துப் போடும் கணக்கு. சிலருக்குப் பலனே இருக்காது, சிலருக்கு நன்றாகவே கேட்கலாம். எதற்கும் அடங்காத வலியோடு இருப்பவருக்கு அந்த அரைப் புள்ளி ஆறுதல் தராது. தசை இறுக்கத்துக்குத் தந்ததுபோல '4 வாரம் பார்க்கலாம்' என்ற வாய்ப்பு வலிக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் அவர்களுடைய ஆதங்கம்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியது

'வலிக்குது' என்று மட்டும் சொன்னால் டாக்டருக்குப் போதாது. எரிகிறதா, குத்துகிறதா, இறுக்குகிறதா? எந்த நேரத்தில், எவ்வளவு நேரம்? இதைக் குறித்து வைத்துக்கொண்டு போனால், சரியான மருந்து சீக்கிரம் கிடைக்கும்.

பேக்லோஃபென், காபாபென்டின் போன்றவற்றை நீங்களாகவே திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரை போகலாம். கண்ணை அசைத்தால் வலிக்கிறது, பார்வையும் மங்குகிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கஞ்சாவைத் தாங்களாகவே பயன்படுத்திப் பார்ப்பதும் ஆபத்து. அளந்து, பரிசோதித்துத் தரும் ஸ்பிரேயும் கடைத்தெருக் கஞ்சாவும் ஒன்றல்ல. இந்தியாவில் கஞ்சா வைத்திருப்பது 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

எம்.எஸ். நோயை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனால், அதனால் வரும் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அது எந்த வகை வலி என்று கண்டுபிடிப்பதில் இருந்துதான் சிகிச்சை தொடங்குகிறது.