பெட்டியின் விலை சுவரில் எழுதப்படல் வேண்டும்

மரணவீட்டில் விலை பேசுதல் மரியாதையன்று என்பது நம்மவர் உள்ளத்தில் ஆழ வேரூன்றிய எண்ணம். அது எப்பொழுது தோன்றியதென்று எவராலும் கூற முடியாது. அதனால் இலாபம் அடைபவர் யார் என்று கூறுவதோ எளிது. சந்தையில் வெங்காயத்துக்குக் கிலோவுக்கு ஐந்து ரூபா குறைத்துக் கேட்ட வியாபாரியோடு அரைநாள் வாதாடும் கமக்காரர், நூற்றுக்குப் பத்து என்று கழிவு வெட்டும் தரகரை எதிர்த்துக் கச்சேரி வரை மனுக்கொண்டு செல்லும் கமக்காரர், தம் தாயாரின் பெட்டியைத் தெரிந்தெடுக்கும்போது மாத்திரம் வாய் திறப்பதில்லை. "நல்லதாய் ஒன்று தாருங்கள்" என்கிறார். அந்த மூன்று சொற்களும், தொகை எழுதாத கடன் உறுதியில் கைச்சாத்திடுவதற்குச் சமம்.

சட்டத்தின் கண்கொண்டு நோக்குமிடத்து, மலர்ச்சாலைக்குள் நிகழ்வது ஓர் ஒப்பந்தமே. ஒருவர் பண்டமும் சேவையும் தருகிறார். மற்றவர் பணம் தருகிறார். உழவு இயந்திரம் வாங்குவதற்கு நாம் செய்யும் ஒப்பந்தத்துக்கும் இதற்கும் சட்டம் பெரிதும் வேற்றுமை காண்பதில்லை. ஆயினும் வேற்றுமை உண்டு. உழவு இயந்திரம் வாங்குபவர் நான்கு கடை ஏறி இறங்குவார். முன்னர் வாங்கிய அயலாரை விசாரிப்பார். விலை ஒவ்வாதாயின் அடுத்த போகம் வரை பொறுப்பார். பிரேதம் பொறுக்காது. வாங்குபவருக்கு இது வாழ்நாளில் இரண்டு மூன்று முறை நேர்வது. விற்பவருக்கு நாள்தோறும் நேர்வது. இவ்விருவரும் சமநிலையில் நின்று பேரம் பேசுகின்றனர் என்பது சட்டப் புத்தகத்தின் கற்பனையேயன்றி உண்மையன்று.

யாழ்ப்பாணத்தில் இந்நிலை மேலும் சிக்கலாவதற்கு நம் வழக்கமும் ஒரு காரணம். துக்கங் காக்கும் மகன் மலர்ச்சாலைக்குப் போவதில்லை. மைத்துனரோ, பெறாமகனோ, அயலிலுள்ள ஆசிரியரோ முன்னின்று காரியம் பார்ப்பார். போற்றத்தக்க வழக்கந்தான். ஆனால் அவர் செலவிடுவது பிறர் பணம். அவர் அஞ்சுவது ஊர்ப்பேச்சு. மலிவான பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினால், "செத்தவீட்டிலும் கணக்குப் பார்த்தவன்" என்ற பெயர் ஆயுளுக்கும் நிலைக்கும். விலையுயர்ந்ததைக் கொண்டுவந்தால் எவரும் குறை கூறார். ஆகவே அவர் எந்தப் பெட்டியில் கை வைப்பார் என்பது விற்பவருக்கு முன்பே தெரியும். இதற்கிடையில் தொரன்ரோவிலிருந்து தொலைபேசி வரும்: "செலவைப் பாராதேயுங்கோ, நாங்கள் அனுப்புறம்." சில வேளை முழுவதும் வரும். சில வேளை அரைவாசி வரும். மிகுதிக்கு, ஊரிலிருக்கும் சகோதரியின் தாலிக்கொடி வங்கியில் அடைவுக்குப் போகும்.

அப்படி முன்னின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். அயல்வீட்டு முதியவருக்காக அவர் தொலைபேசியில் சொன்னவை பெட்டி, ஊர்தி, பந்தல் ஆகிய மூன்றே. அந்தியேட்டி முடிந்த மறுநாள் வந்த கணக்கில் பதினொரு இனங்கள் இருந்தன. பூவளையமும் ஒளிப்பதிவும் பாண்ட் வாத்தியமும் எவருடைய கட்டளையின்பேரில் வந்தன என்பது எவருக்கும் தெரியவில்லை. "எல்லாருக்கும் செய்வதுதான்" என்பதே கிடைத்த விடை. வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் இருவரும் ஒருவர் மற்றவரைக் காட்டினர். மலர்ச்சாலைக்காரர் ஆசிரியரைக் காட்டினார்.

கட்டளையிட்ட மூன்று இனங்களைப் பொறுத்தவரை, சட்டப்படி அவர் காட்டியதில் பிழையில்லை. கட்டளை கொடுத்தவரே ஒப்பந்தத்தின் தரப்பினர். தாம் இன்னாருக்காகவே பேசுவதாக அவர் தெளிவுபடுத்தாதவிடத்துப் பொறுப்பு அவர் தலையிலேயே விழும். பின்னர் அதனை இறந்தவரின் சொத்திலிருந்து அவர் கேட்டுப் பெறலாம். நியாயமான ஈமச்செலவுக்கு உரோமன்-டச்சுச் சட்டம் முன்னுரிமை அளிக்கிறது. "நியாயமான" என்னும் சொல்லைக் கவனிக்க. இறந்தவரின் நிலைக்கும் அவர் விட்டுச்சென்ற பொருளுக்கும் ஏற்றதே நியாயமானது. வாத்தியமும் வெடியும் அதற்குள் அடங்குமா என்று நீதிமன்றில் வாதாட எந்த அயலவருக்கு மனம் வரும்? ஆசிரியர் கணக்கு முழுவதையும் தம் ஓய்வூதியத்திலிருந்து தவணை தவணையாகக் கட்டித் தீர்த்தார். அதன்பின் அவர் எந்த மரணவீட்டிலும் முன்னிற்பதில்லை. பணம் போனதைவிட இதுவே ஊருக்குப் பெரிய நட்டம் என்பேன்.

இனி, சட்டம் நமக்கு எதைத் தந்திருக்கிறது என்று பார்ப்போம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் மரணச் சேவைக்கென்று தனிப் பிரிவு எதுவும் இல்லை. எனினும் பெட்டி ஒரு பண்டம். உடலைப் பதனிடுதலும் ஊர்தி ஓட்டுதலும் சேவைகள். பண்டம் விற்பவர் அதன் விலையை வியாபார நிலையத்தில் யாவரும் காணுமாறு காட்சிப்படுத்தல் வேண்டும் என்கிறது 26ஆம் பிரிவு. வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தல் வேண்டும் என்கிறது 28ஆம் பிரிவு. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையை 30ஆம் பிரிவு விலக்குகிறது. தேக்கு என்று சொல்லி விற்கப்பட்டது பூச்சுப் பூசிய ஒட்டுப்பலகையாயின் அது வியாபார சாமர்த்தியமன்று, சட்ட மீறல். சேவையானது உரிய திறமையோடும் கவனத்தோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதம், எவரும் வாயாற் சொல்லாவிடினும், ஒப்பந்தத்துள் அடங்கியிருப்பதாக 32ஆம் பிரிவு கொள்கிறது.

நான் கண்ட மலர்ச்சாலைகள் பலவற்றில் சுவரிலே சுவாமிப் படங்கள் உண்டு, நாட்காட்டி உண்டு, விலைப்பட்டியல் இல்லை. பெட்டிகள் வரிசையாக நிற்கும்; ஒன்றிலாவது விலைச் சீட்டு ஒட்டியிருக்காது. அரிசிக்கடைக்கு ஒரு சட்டமும் பெட்டிக்கடைக்கு ஒரு சட்டமுமாக நடக்கிறது. அரிசிக்கடைக்குப் போகும் பரிசோதகர் இங்கு ஏன் நுழைவதில்லை? அவரும் நம்மைப்போல் வெட்கப்படுகிறார் போலும்!

பிற நாட்டார் இவ்விடயத்தில் வெட்கப்படவில்லை. அமெரிக்காவில் ஜெசிக்கா மிற்போட் என்னும் எழுத்தாளர் 1963ஆம் ஆண்டிலே ஈமத்தொழிலின் கணக்கு வழக்குகளை ஒரு நூலில் அம்பலப்படுத்தினார். அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவின் விதி 1984ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இனம் இனமாக விலை எழுதிய தாளை நேரில் வந்து கேட்பவர் கையிற் கொடுத்தல் வேண்டும். தொலைபேசியிற் கேட்டாலும் விலை சொல்லுதல் வேண்டும். வேண்டியதை மாத்திரம் வாங்க இடமளித்தல் வேண்டும். பெட்டியை வேறிடத்தில் வாங்கி வந்தாலும் மறுக்கலாகாது. பிரித்தானியாவிலும் 2021 செப்டெம்பர் முதல் விலைப்பட்டியலைக் காட்சிப்படுத்தல் கட்டாயமாயிற்று. அங்கு இன்னொன்றையும் தடுத்தனர்: தம் பெயரைச் சிபாரிசு செய்வதற்காக வைத்தியசாலைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் ஈமத்தொழிலார் கைக்கூலி கொடுத்தல் ஆகாது என்றனர். வைத்தியசாலைப் பிரேத அறை வாசலில், கேளாமலே தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டை நீட்டும் கைகளைக் கண்ட வாசகர்கள் இதன் பயனை உணர்வர்.

நம் நாட்டிலும் இதற்குப் புதுச் சட்டம் இயற்றிக் காத்திருக்கவேண்டியதில்லை. மேற்சொன்ன சட்டத்தின் 10ஆம் பிரிவு, பண்டங்களின் விலை குறித்தல், விற்பனை ஆகியவை பற்றி வர்த்தகர்களுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை அதிகார சபைக்குத் தந்திருக்கிறது. "ஒவ்வொரு பெட்டியிலும் விலை ஒட்டப்படல் வேண்டும்" என்ற ஒரு வரிப் பணிப்புரை போதும், முதற்படி முடிந்துவிடும். அதைக் கேட்பதற்கு ஆள் வேண்டும். ஊர்தோறும் மரண உதவிச் சங்கங்கள் இருக்கின்றன; சந்தா சேர்க்கின்றன; கதிரையும் தகரப்பந்தலும் கொடுக்கின்றன. இச்சங்கங்கள் வீட்டில் மரணம் இல்லாத ஒரு நாளில், கண்ணீர் இல்லாத கண்ணோடு, பக்கத்திலுள்ள நான்கு மலர்ச்சாலைகளிலும் எழுத்தில் விலை கேட்டு வாங்கிச் சனசமூக நிலையத்தில் ஒட்டிவைத்தால், முன்னிற்பவருக்கு அதுவே கவசம். "சங்கத்தின் பட்டியலில் உள்ளதையே எடுத்தேன்" என்று அவர் சொல்லலாம், ஊர்வாய் அடங்கும்.

மலிவானதை எடுத்தால் இறந்தவருக்கு அவமானம் என்று இன்னும் எண்ணுவோருக்கு ஒரு செய்தி. கொள்ளைநோய்க் காலமான 2021இல் தெகிவளை - கல்கிசை மாநகர சபை மட்டையாலான பெட்டிகளைச் செய்வித்தது. எரிந்து சாம்பலாகும் பொருளுக்கு மரம் தறிப்பானேன் என்பதும் அதன் நியாயங்களுள் ஒன்று. அம்மட்டைப் பெட்டியில் சென்றவர் எவரும் மேலுலகில் வாசலில் நிறுத்தப்பட்டதாகத் தகவல் இல்லை.

மலர்ச்சாலைக்காரர் யாவரும் கொள்ளையர் என்று நான் கூற வரவில்லை. நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து வருபவர் அவர். ஏழைக்குக் கடன் கொடுத்துவிட்டுக் கேட்க மனமின்றி விட்டவரும் உளர். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் பலகையும் எரிபொருளும் ஏறிய ஏற்றம் அவரையும் தாக்கியது. விலை சுவரில் இருந்தால், மேற்படிச் செலவை அவர் நேர்மையாகக் காட்டலாம். நேர்மையாக விற்பவர் இன்று வாயடைத்து நிற்க, "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பவரே வாடிக்கையை அள்ளுகிறார்.

செலவின் மற்றப் பாதி நம்முடையது. அதனைச் சட்டம் தொடாது. எட்டுச் செலவின் பந்தி, கீரிமலைப் பயணம், வீட்டுக்கிருத்தியம், வர்ணத்தில் அச்சிட்ட கல்வெட்டு, சந்திக்குச் சந்தி கண்ணீர் அஞ்சலிப் பதாகை. தகப்பனை ஒருநாள் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லாத மருமகனின் படமே பதாகையிற் பெரிதாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். அதைப்பற்றி இங்கு பேசுவது என் வேலையன்று.

உத்தியோகத்தரும் கமக்காரரும் இப்பொழுதே செய்யக்கூடியவை சில உண்டு. ஒருவர் இறந்தவுடன் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் உறவினர் கைவைக்க முடியாது. பின்னுரித்தாளர் பெயரை முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் அலைச்சல் குறையும். உரிய காலத்துள் மரணத்தைப் பதிவதற்குக் கட்டணம் இல்லை; அதற்கென எவரும் தொகை கேட்டால் கொடுக்கவேண்டியதில்லை. மின்தகனத்துக்கான கட்டணத்தை மலர்ச்சாலை உங்களுக்காகக் கட்டினால், உள்ளூராட்சி மன்றத்தின் பற்றுச்சீட்டையே கேட்டு வாங்குக. மறுநாளே தகனம் செய்வதாயின் உடலைப் பதனிடுதல் அவசியமா என்று கேட்க. "அது சட்டம்" என்று விடை வந்தால், எந்தச் சட்டம் என்று மீண்டும் கேட்க. முன்னிற்பவர், தாம் யாருக்காகப் பேசுகிறார் என்பதையும், கட்டளையிட்ட இனங்களையும், மொத்தத் தொகையையும் ஒரு தாளில் எழுதுவித்து, இருவர் கைச்சாத்தும் இட்டு, தொலைபேசியிற் படமெடுத்துப் பிள்ளைகளுக்கு அன்றே அனுப்புதல் நன்று.

முறைப்பாட்டுக்கும் காலவரையறை உண்டு. பண்டம் விற்கப்பட்டு அல்லது சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடல் வேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. நம் வீடுகளில் முப்பத்தொன்று முடியும்வரை எவரும் கணக்கைத் தொடுவதில்லை. வெளிநாட்டார் விமானம் ஏறியபின் சில வாரம் சோர்வில் கழியும். இப்படியே மூன்று மாதமும் போய்விடும். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. மாவட்டச் செயலகத்திலும் அதன் அலுவலர் உளர். முறைப்பாட்டைத் தமிழிலே எழுதலாம். பற்றுச்சீட்டின் பிரதியும் அன்று கைச்சாத்திட்ட தாளின் பிரதியும் இணைக்கப்படல் வேண்டும். நாட்களை எண்ணத் தொடங்குவது பெட்டி வாங்கிய நாளிலிருந்து. அந்தியேட்டி நாளிலிருந்து அன்று.