நம்மைக் கேட்கிறார்கள், சரி. நாம் யாரைக் கேட்டோம்?

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஒரு வாரமாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே புலம்பல். "பேங்க்ல மறுபடியும் கேஒய்சி கேக்கறான், ஆதார் குடுத்தாச்சு, பான் குடுத்தாச்சு, இன்னும் என்னதான் வேணுமாம்?" இந்தப் புலம்பலில் பாதி நியாயம். மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதிவு.

நியாயமான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கி விதிப்படி, ரிஸ்க் குறைவான வாடிக்கையாளருக்குக் கேஒய்சி புதுப்பிப்பு 10 வருடத்துக்கு ஒரு முறைதான். நடுத்தர ரிஸ்க் என்றால் 8 வருடம், அதிகம் என்றால் 2 வருடம். விவரம் எதுவும் மாறவில்லையா? "மாறவில்லை" என்று ஒரு சுய உறுதிமொழி போதும். 2025 ஜூனில் வந்த திருத்தப்படி, கெடுவுக்கு முன்பே மூன்று முறை தகவல் சொல்ல வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக வர வேண்டும். அமில வீச்சில் முகம் சிதைந்து, கேமரா முன் கண் சிமிட்ட முடியாதவர்கள் தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் சேவையை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்றே சொல்லிவிட்டது. ஆகவே வயதானவரை வெயிலில் கிளை வாசலில் நிற்க வைத்தால், விதியைக் காட்டிச் சண்டை போடுங்கள். நானும் கூட வருகிறேன்.

இப்போது மீதிப் பாதி. பேங்கில் பெரிய தொகையை ரொக்கமாகக் கட்டப் பான் கேட்டால் முகம் சுளிக்கிற அதே ஆள், "நம்ம தெரிஞ்ச பையன்தான்" என்று ஏஜெண்ட் கையில் 5 லட்சத்தை மஞ்சப்பையோடு கொடுக்கிறார். அங்கே பான் கேட்கவில்லை, பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்கவில்லை. "எவ்வளவு மரியாதையா நடத்துறாங்க" என்று பெருமை வேறு!

அது மரியாதை இல்லை ஐயா. சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2005-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. முறையாக அனுமதி பெற்றுப் பிறர் பணத்தை வாங்குகிற எந்த நிதி நிறுவனமும் நீங்கள் யார் என்று கேட்டே ஆக வேண்டும். கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. நாளைக்கு உங்கள் பணமும் எந்தக் கணக்கிலும் இருக்காது.

அமைந்தகரையில் இருந்த ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தை மறந்துவிட்டீர்களா? 2022 மே மாதம் பொருளாதாரக் குற்றப்பிரிவு சோதனை போட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் வசூல் என்றார்கள். மாதம் 30 சதவீதம் வரை தருவதாக ஆசை காட்டியிருந்தார்கள். எட்டாம் வகுப்பில் நாம் போட்ட கூட்டு வட்டிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 30 சதவீதம் என்றால் ஒரு லட்சம் ஒரே வருடத்தில் 23 லட்சத்தைத் தாண்டும். பூமியில் எந்தத் தொழில் இப்படிச் சம்பாதிக்கும்? ஒன்றே ஒன்றுதான்: பின்னால் வருகிறவன் பணத்தை எடுத்து முன்னால் வந்தவனுக்குக் கொடுப்பது.

இதில் எனக்குத் தாங்காத விஷயம் ஒன்று. என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலர் ஓஎம்ஆர் கம்பெனிகளில் இதே கேஒய்சி வேலைதான் பார்க்கிறார்கள். லண்டன், சிங்கப்பூர் முதலீட்டாளரின் பெயரை ராத்திரி ஷிப்டில் தடைப்பட்டியலோடு ஒப்பிடுகிறார்கள். அரசியல் தொடர்பு உண்டா, பத்திரிகையில் கெட்ட செய்தி வந்திருக்கிறதா, கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் உண்மையான முதலாளி யார் என்று துருவுகிறார்கள். நம் நாட்டு விதிப்படி, 2023-லிருந்து ஒரு கம்பெனியில் 10 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் யார் என்றே பார்க்க வேண்டும். இவ்வளவும் தெரிந்த பிள்ளை, காலையில் சேலையூர் வீட்டுக்கு வந்து தூங்குகிறது. பக்கத்து அறையில் அப்பா தன் கிராஜுவிட்டி பணத்தைக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டவனிடம் கொடுக்கக் கிளம்புகிறார். யாரோ ஒரு வெள்ளைக்காரனுக்காகக் கேட்கும் இருபது கேள்வியில் ஒன்றையாவது அப்பாவுக்காகக் கேட்கக்கூடாதா கண்ணுகளா?

"பேங்க்ல ஆறு, ஏழு சதவீதம்தானே தர்றான் டீச்சர், மருந்துச் செலவுக்கே பத்தல" என்பீர்கள். உண்மை. பென்ஷனில் வாழ்கிற எனக்கும் அது தெரியும். ஆனால் வட்டி குறைவு என்பதற்காக முதலையே தொலைப்பது என்ன கணக்கு?

"பதிவு பண்ண கம்பெனிதானே" என்பது அடுத்த சமாதானம். மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட் 1872-ல் தொடங்கியது. முறையாகப் பதிவான நிதி நிறுவனம். அதன் நிர்வாக இயக்குநர் 2024 ஆகஸ்டில் மோசடிப் புகாரில் கைதானார். பதிவு என்பது முதல் கேள்வி மட்டுமே. டெபாசிட் காப்பீடு உண்டா என்பது இரண்டாவது. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, நிதி நிறுவனங்களுக்குக் கிடையாது. பணத்தை எதில் போட்டு வட்டி தருகிறாய் என்பது மூன்றாவது. காசோலையாக, கம்பெனி பெயருக்கே வாங்கிக்கொள்கிறாயா என்பது நான்காவது. இந்த நான்கில் எதற்கு மழுப்பினாலும் எழுந்து வந்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் புகாரும் கொடுக்கலாம்.

அரசாங்கத்தையும் விட மாட்டேன். முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1997-லேயே வந்தது. முறைப்படுத்தப்படாத டெபாசிட்டுக்கு ஆள் பிடிப்பதே குற்றம் என்று 2019-ல் மத்தியச் சட்டமும் வந்தது. பிறகு எப்படி ஊரறிய போர்டு வைத்து, பேனர் கட்டி, மாதக்கணக்கில் வசூல் நடக்கிறது? சாதாரண பென்ஷன்காரரின் கைரேகையைச் சரிபார்க்க இத்தனை இயந்திரம் இருக்கிறது. கோடி கோடியாக வாங்குகிறவனின் கதவைத் தட்ட, அவன் ஓடிய பிறகுதான் ஆள் வருகிறது. கேஒய்சி கூடாது என்று நான் சொல்லவில்லை. கீழே கேட்கிற கேள்வியை மேலேயும் கேள் என்கிறேன்.

இந்த மாதம் யாராவது "நல்ல ஸ்கீம்" என்று உங்கள் வீட்டுக்கு வந்தால், கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு போன் பண்ணுங்கள். நான்கு கேள்வியையும் நானே ஸ்பீக்கரில் கேட்கிறேன்.