மாடிமேல் நிற்கும் ஆண்டெனா



வானூர் வட்டாரத்தில் பழைய மாடிகளின்மேல் துருவேறி நிற்கும் ஆண்டெனாக்களைக் கண்டிருப்பீர்கள். 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. (பெட்டியே வீட்டுக்கு ஆகாதென்ற பெரியவர்களும் இருந்தனர், அது வேறு கதை.) தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பு நிலையங்கள் 2022-க்குள் பெரும்பாலும் மூடப்பட்டன. கேபிளை விட்டுக் கைபேசிக்கு மாறிய பிள்ளைகள் அதனை அறியவுமில்லை.

மாதக் கட்டணமின்றி எஞ்சியிருப்பது, 2004-இல் வந்த தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை. ஒருமுறை கருவி வாங்கினால் போதும். மழை மாதங்களில் கூலியிழக்கும் மரக்காணத்து உப்பளக் குடும்பங்களுக்கு அது சிறிய உதவியன்று.

ஆயினும் 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரைகடந்ததை மறவாதீர்கள். டிஷ் சாய்ந்தால் படமில்லை. மின்சாரம் நின்றால் கைபேசியும் நெடுநேரம் தாங்காது. ஐப்பசி பிறக்குமுன் பேட்டரியில் இயங்கும் வானொலி ஒன்றை வாங்கி, புதுச்சேரி நிலையம் கேட்கிறதா என்று பார்த்து வையுங்கள்.